சாராள் காத்திருந்த ஒரு சொல்

சாராளைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் "அமைதியான பொம்பள" என்பார்கள். மண்ணாங்கட்டி! அவளோடு ஒரே மேசையில் நின்று ஃபைபர் மேட் வெட்டியவள் நான், முனவர் பேகம். வஞ்சம் என்றால் என்னவென்று அவளிடம்தான் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கெல்லாம் கோபம் வந்தால் கத்துவேன், கையில் கிடைத்ததை வீசுவேன், சாயங்காலத்துக்குள் மறந்தும் போவேன். அவள் கத்தமாட்டாள், மறக்கவும் மாட்டாள்.

எங்கள் கம்பெனி பாகலூர் ரோட்டில் இருக்கிறது. ரசாயனக் கம்பெனிகளுக்கு ஃபைபர் தொட்டி செய்து கொடுக்கிறோம். மொட்டை மாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் மூன்று ஆள் உயரம் நிற்கும். கண்ணாடி நூல் மேட்டை அச்சின் மேல் விரித்து, ரெசின் பசையை ஊற்றி, காற்றுக் கொப்புளம் ஒன்றுகூட நிற்காமல் ரோலரால் தேய்த்து, அடுக்குக்கு மேல் அடுக்காக ஏற்ற வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் உடம்பெல்லாம் சுணை அரிக்கும். இவ்வளவு பாடுபட்டும் சுவர் விரல் கனம்தான் வரும். உள்ளே அமிலத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பினாலும் அது அசையாது. ஆனால் வெளியிலிருந்து நெருக்கினால் தாங்காது. குளிர்பான பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சினால் பொசுக்கென்று உள்ளே ஒட்டிக்கொள்கிறதே, அதே கதைதான்.

அதனால்தான் தொட்டியை அனுப்புவதற்கு முன் வேக்கம் டெஸ்ட் வைப்பார்கள். எல்லா வாயையும் அடைத்து, பம்பைப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். கேஜில் முள் குறித்த இடத்துக்கு வந்ததும் பம்பை நிறுத்திவிட வேண்டும். மரப்பலகை என்றால் ஒடிவதற்கு முன் வளைந்து காட்டும், ஓடித் தப்பிக்க நேரம் கொடுக்கும். இந்த மெல்லிய ஓடு அப்படியில்லை. கடைசி வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றுவிட்டு ஒரே மடக்காக மடங்கிவிடும்.

அந்தப் பம்பில் நின்றவன் சாராளின் புருஷன் யேசுராஜ். எங்களிடம் வருவதற்கு முன் அத்திபெலேயில் கன்னடக்காரர்களோடு வேலை பார்த்தவன். கேஜுக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பவன் சூப்பர்வைசர் திம்மராயன். பேரிகைப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு. பம்பின் இரைச்சல் தாங்காது என்று அதைத் தொட்டிக்குப் பின்பக்கம் வைத்திருந்தார்கள். அங்கே நிற்பவனுக்குக் கேஜ் தெரியாது, ஏணியும் தெரியாது. திம்மராயன் கத்துவது மட்டும்தான் காதில் விழும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, தெலுங்கில் போய் முடியும். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரிவதில்லை. ஆனால் சாலு என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், பாழாய்ப்போன சொல்! கன்னடக்காரன் மோட்டாரைச் சாலு பண்ணு என்றால் ஓடவிடு என்று அர்த்தம். தெலுங்குக்காரன் இலையில் சோறு விழும்போது சாலு என்றால் போதும், நிறுத்து என்று அர்த்தம்.

அன்றைக்கு டெஸ்டில் முள் ஏறாமல் அடம் பிடித்திருக்கிறது. மேல்மூடி கசிகிறதா என்று பார்க்க அண்ணாதுரை ஏணியில் ஏறி, மூடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அது எங்களிடம் பழக்கம்தான். கசிந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும். கசிவு தானாக அடைபட்டு முள் திடீரென்று ஏறிவிட்டது. திம்மராயன் பதறிப்போய், "சாலு! சாலு!" என்று கத்தினான். பதறும்போது தாய்ப்பாஷைதானே வாயில் வரும்? யேசுராஜ் அதை ஓடட்டும் என்று எடுத்துக்கொண்டு பம்பை ஓடவிட்டான். தொட்டி உள்ளே மடங்கியது. மேலே இருந்த அண்ணாதுரை அதோடு சேர்ந்து விழுந்தான். முதுகெலும்பு போய்விட்டது. நாகரசம்பட்டியில் அவன் வீட்டுக் கட்டிலில் படுத்தவன், இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

இதுவரைக்கும் விபத்து என்று விட்டுவிடலாம். விசாரணையில் திம்மராயன் என்ன சொன்னான் தெரியுமா?

"நிறுத்து நிறுத்துன்னு நல்லா தமிழ்லதான் கத்தினேன் சார். இவன் போன்ல பேசிக்கினு இருந்தான்."

போன்! யேசுராஜின் போன் அன்றைக்குச் சார்ஜில் கிடந்தது. "சாலுன்னு சொன்னாரு சார்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். யார் கேட்டார்கள்? பக்கத்தில் ரெசின் கலக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் எங்களுக்குக் காதில் விழவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். நான் அன்று லீவு, எங்கள் நாத்தனார் மகளுக்கு நிக்காஹ். நான் மட்டும் இருந்திருந்தால் அந்தத் திம்மராயன் நாக்கைப் பிடுங்கியிருப்பேன்.

யேசுராஜை வேலையை விட்டு எடுத்தார்கள். சிப்காட்டில் எந்தக் கதவைத் தட்டினாலும், "பம்புல நின்னு போன் பேசினவன்தானே?" என்றார்கள். கோயிலிலும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர், "சகோதரர் யேசுராஜின் கவனக்குறைவை மன்னியும் ஆண்டவரே" என்று மைக்கில் ஜெபம் பண்ணினார். நல்ல மனசோடுதான் பண்ணினார், பாவம். சாராள் எழுந்து வெளியே போய்விட்டாள். அதோடு யேசுராஜ் வாயை மூடிக்கொண்டான். சோறு பொங்குவான், துணி துவைப்பான், கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான். அவ்வளவுதான்.

அவள் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று கம்பெனி அவளுக்கு மேட் வெட்டும் வேலை கொடுத்தது. வாயை அடைப்பதற்கு அது ஒரு வழி. நானாக இருந்தால் அந்த வேலையை அவர்கள் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பேன். அவள் தளியில் பார்த்துக்கொண்டிருந்த ரோஜாத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் நான் அவளோடு முகம் கொடுத்தே பேசவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏன் புள்ள, உனக்கு ரோசமே கெடையாதா? அந்தாளு மூஞ்சிய தினம் பாத்துக்கினு எப்பிடி சோறு எறங்குது?"

"பாக்கத்தான் வந்தேன் அக்கா" என்றாள். "சாலுன்னுதான் சொன்னேன், நிறுத்துன்ற அர்த்தத்துல சொன்னேன்னு அந்தாளு வாயாலயே நாலு பேரு முன்னாடி சொல்லணும். சொல்ல வெக்கல, நான் சாராள் இல்ல."

"ஆண்டவர் பாத்துக்குவாருன்னு உங்க பாஸ்டர் சொல்லலியா?"

"ஆண்டவருக்குத் தெலுங்கு தெரியுமான்னு கேட்டுட்டு வந்து சொல்லச் சொல்லுங்க."

எனக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் நானும் திம்மராயனைக் கவனித்தேன். அந்தச் சொல்லை அவன் வாயில் வைப்பதே இல்லை. டெஸ்டில் "ஸ்டாப்" என்பான். டீ ஊற்றும்போது போதும் என்றுகூடச் சொல்லமாட்டான், கையை நீட்டித் தடுப்பான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? ஆயுத பூஜையன்று கம்பெனியில் எல்லாருக்கும் இலை போட்டார்கள். சாராள் வலியப் போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டாள். திம்மராயன் இலைக்கு வந்ததும் ஊற்றுகிறாள், ஊற்றுகிறாள், ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு இலைக்கு மேல் கையை விரித்தான். அந்தக் கை மேலேயே ஒரு கரண்டி கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள்.

"ஏய்!" என்று குதித்தானே தவிர, அந்தச் சொல் வரவில்லை.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள். "கை சுட்டாலெல்லாம் வராது அக்கா. தொட்டி செவுத்துல எங்கியாவது ஒரு கொப்புளம் நின்னிருக்குமில்ல, அங்க இருந்துதான் மடங்கும். அந்தாளுக்குக் கொப்புளம் பம்புலதான் இருக்குது."

பம்புக்கு ஆள் நிற்பதே இல்லை. அண்ணாதுரைக்கு நடந்தது தெரிந்தால் வடநாட்டுப் பையன்கள்கூட ஓடிவிடுவார்கள். அப்படி ஒருவன் ஓடியபோது, சாராள் மேனேஜரிடம் போய் நான் நிற்கிறேன் என்றாள். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். பெண்களுக்கு வாய்ப்பு என்று அறிவிப்புப் பலகையில் அவள் போட்டோவையே ஒட்டிவிட்டார். திம்மராயன் முகம் சுண்டிப்போனது. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே, என்ன பதில் சொல்வான்? முழுங்கிக்கொண்டான்.

டெஸ்டுக்கு மேல் டெஸ்டாக அவள் பம்பில் நின்றாள். அவன் "ஸ்டா" என்பதற்குள் பம்பு நின்றிருக்கும். முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தவன், போகப் போகப் பார்ப்பதை விட்டுவிட்டான். "சாராளம்மா மாதிரி ஆள் கெடைக்காது" என்று மேனேஜரிடம் அவனே சொன்னான். அவள் அவனை நம்பவைத்துவிட்டாள். எனக்கே சில நேரம் சந்தேகம் வந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டாளோ என்று.

"என்ன புள்ள, சமாதானமாயிட்டியா?" என்று கேட்டேன்.

"பெரிய தொட்டி வரட்டும் அக்கா" என்றாள்.

சென்ற ஆடி மாதம் அது வந்தது. பெங்களூர்க்காரர்களுக்கான தொட்டி. அதுவரை நாங்கள் செய்ததிலேயே உயரமானது. வாங்குகிறவர்கள் கழுத்தில் அட்டையும் தலையில் மஞ்சள் தொப்பியுமாக டெஸ்டைப் பார்க்க வந்து நின்றார்கள். மேனேஜர் நின்றார். முழு ஷிஃப்டும் கூடிவிட்டது. என் தம்பி மன்சூர் மேல்மூடி போல்ட்டுகளை முடுக்குவதற்கு ஏணியில் ஏறினான். அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அண்ணாதுரை விழுந்த பிறகு, பம்பு ஓடும்போது ஏணியில் ஏறக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டை யார் மதிக்கிறார்கள்? பம்பு ஓட ஆரம்பித்த பிறகும் அவன் மூடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். என் மேசையிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. பிறகு கட்டைவிரலைக் காட்டிவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனான்.

முள் ஏறியது. குறித்த இடத்துக்கு வந்தது.

"ஸ்டாப்!" என்றான் திம்மராயன்.

பம்பு ஓடியது.

"ஸ்டாப்! ஏம்மா, ஸ்டாப்!"

ஓடிக்கொண்டே இருந்தது. மஞ்சள் தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தொட்டியின் இடுப்பில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. திம்மராயனின் முகம் வெளிறிவிட்டது. கேஜை விட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். நானும் ஓடினேன், எல்லாரும் ஓடினோம். சாராள் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கை சிவப்பு பட்டன் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

அப்போதுதான் வந்தது.

"சாலு! சாலு தல்லி! சாலு, சாலு!"

யா அல்லா! போதும் தாயே, போதும் என்று தெலுங்கில் கெஞ்சுகிறான்.

பம்பு இரைச்சலுக்கு மேல் அவள் குரலை உயர்த்திக் கேட்டாள். "சாலுன்னா ஓட்டணுமா சார், நிறுத்தணுமா?"

"நிறுத்துடி! சாலுன்னா நிறுத்துன்னுதான்டி அர்த்தம்!"

"அப்ப என் வூட்டுக்காரருகிட்ட அன்னிக்கு நீங்க கத்துனதும் இதே சாலுதானா?"

"ஆமாண்டி, ஆமா! நிறுத்தித் தொலைடி!"

அவள் பட்டனை அழுத்தினாள். பம்பு அடங்கியது. அந்த நிசப்தத்தில் தொட்டி இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது, தப்பித்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் இடுப்பில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி. கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டாசுக்கட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவு உயரமும் உள்ளே மடங்கி, தலை தொங்கி, ஏணியோடு சரிந்துவிட்டது.

யாருக்கும் அடிபடவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் புரிந்தது. முன்பு காதில் விழவில்லை என்றவர்களில் ஒருவன் அங்கேயே நின்றிருந்தான், அவன் தலையைக் குனிந்துகொண்டான். திம்மராயன் சாராளைப் பார்த்தான். அவன் முகம் தொங்கியதைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்!

அவளை மேனேஜர் அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார். போலீசுக்குப் போகவில்லை. போனால் பழைய கதையையும் தோண்டவேண்டி வருமே. திம்மராயனை அதற்குப் பிறகு எல்லாரும் "சாலு சார்" என்றே கூப்பிட்டார்கள். டீக்கடையில் கிளாஸை நீட்டினால் மாஸ்டர்கூட, "சாலா சார்?" என்று கேட்டார். ஒரு மாதம் தாங்கவில்லை. ஆனேக்கல் பக்கம் போய்விட்டான் என்று கேள்வி. எங்கே போனாலும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய் நிற்கட்டும்.

தொட்டி மடங்கிய அன்று நானும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். பஸ்ஸில் அவள் வாய் ஓயவே இல்லை. கண்டக்டரிடம் கன்னடத்தில் வம்பு பண்ணினாள், எனக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். பாகலூரில் இறங்கி மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள்.

வீட்டில் யேசுராஜ் அரிசி களைந்துகொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். திம்மராயன் மாதிரியே கையை உதறி, "சாலு தல்லி!" என்று நடித்துக் காட்டினாள். நான் இடையிடையே எடுத்துக் கொடுத்தேன். அவன் சிரிப்பான், அழுவான், குறைந்தது எழுந்து நிற்பான் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"ஏணி மேல யாரு இருந்தாங்க?" என்று கேட்டான் அவன்.

"யாரும் இல்லீங்க" என்றாள் சாராள்.

"மன்சூர் இருந்தான், டீக்கு எறங்கிட்டாம்ப்பா. நான் பாத்தேன்" என்றேன் நான்.

சாராள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். மன்சூர் மேலே ஏறியதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

யேசுராஜ் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ எட்டிப் பாத்தியா சாராளு?"

"பாக்கலீங்க."

"நானும் பாக்கல" என்றான். "அந்தாளு குரல் பதறுச்சு. என்னமோன்னு எனக்கும் தோணுச்சு. ரெண்டடி தள்ளி வந்து எட்டிப் பாத்திருந்தா அண்ணாதுரை மேல இருக்கறது தெரிஞ்சிருக்கும். அந்தாளு என்ன சொன்னாரு, எந்தப் பாஷைல சொன்னாருன்னு நான் ஒருநாளும் நெனைக்கல. பாக்காம வுட்டுட்டேன், அது ஒன்னுதான்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. களைந்த அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உனக்காகத்தானடா இவள் இத்தனை வருஷம் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தாள், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்க வாய் துடித்தது. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், தப்பு திம்மராயன் மேல்தான். யார் வந்து என்ன சொன்னாலும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன். ஆனால் அன்று சாராளின் முகத்தைப் பார்த்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பூவைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் மன்சூர் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றாள். நான் அங்கே என் தம்பி பிள்ளைகளுக்கு இட்லி கொண்டுபோயிருந்தேன். அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், சின்னவள் அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, காலங்காத்தால?" என்றான்.

"ஒன்னுமில்லப்பா" என்றாள் சாராள். "உன்ன ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் சிரித்துக்கொண்டே பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். தெரு முனையில் திரும்பி மறையும் வரைக்கும் அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.